சூடேறியதும் ஐட்லிங்கில் நின்றுவிடும் பழைய கார் இன்ஜின்: காரணத்தைக் கண்டறியும் முறை

பழைய பெட்ரோல் கார்களில் அடிக்கடி தலைகாட்டும் கோளாறுகளில் இதுவும் ஒன்று. குளிர்ந்த நிலையில் இன்ஜின் ஒரே முறையில் ஸ்டார்ட் ஆகிறது; ஓட்டத்திலும் இழுவை குறைவதில்லை; ஆனால் நன்கு சூடேறிய பிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை நிறுத்தினால், ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் தானாக ஓடும் வேகம்) தாழ்ந்துகொண்டே போய், ஒரு குலுக்கலுடன் அணைந்துவிடுகிறது. இந்த நிலையில் பலரும் முதலில் ஸ்பார்க் பிளக்கை மாற்றுகிறார்கள், பிறகு காயிலை (தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருளை), பிறகு பெட்ரோல் பம்பை மாற்றுகிறார்கள். பணம் கரைகிறதே தவிரக் கோளாறு அப்படியே இருக்கிறது. எந்த உதிரிபாகத்தையும் வாங்குவதற்கு முன், இன்ஜின் அணையும் அந்தத் தருணத்தில் அதற்குக் கிடைக்காமல் போவது சரியான அளவுக் காற்றா, பெட்ரோலா, தீப்பொறியா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். சூட்டில் வரும் கோளாறைச் சூட்டிலேயே பிடிக்க வேண்டும் என்பதால், கீழே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவை சூடான இன்ஜினில் செய்ய வேண்டியவை. கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பாகம்) உள்ள வண்டிகளுக்கும், பெட்ரோலைக் கணினிக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் தொடக்க காலத்து இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கும் இந்த முறை பொருந்தும்.

சூட்டில் மட்டும் ஏன் நிற்கிறது?

குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை. அதைக் கார்புரேட்டரில் சோக் தருகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டியில், கூலன்ட் வெப்பநிலையைப் பார்த்துக் கட்டுப்பாட்டுக் கணினி தருகிறது. இரண்டு வகையிலும் அந்த நேரத்தில் ஐட்லிங் வேகமும் சற்று உயர்த்தி வைக்கப்படுகிறது. இந்தக் கூடுதல் பெட்ரோலும் கூடுதல் வேகமும் பல சிறு குறைகளை மறைத்துவிடுகின்றன. எங்கேனும் ஓர் ஓட்டை வழியாகக் காற்று புகுந்துகொண்டிருந்தாலும், ஐட்லிங் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் நுண்துளை) பாதி அடைத்திருந்தாலும், குளிரில் அது தெரியாது. இன்ஜின் சூடேறி இந்த உதவிகள் விலகியதும், பெரும்பாலான கார்களில் நிமிடத்துக்கு 750 முதல் 900 சுற்றுகள் என்ற குறைந்த வேகத்தில் தானாகவே நின்று ஓட வேண்டிய நிலை வருகிறது. மறைந்திருந்த குறை அப்போதுதான் வெளிப்படுகிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். சூடேறிய பிறகு விலக வேண்டிய சோக் விலகாமல் இருந்தாலோ, இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கணினி தவறாக எண்ணினாலோ, தேவைக்கு மேல் பெட்ரோல் போய் இன்ஜின் மூச்சுத் திணறி நிற்கும். மூன்றாவது வகை, வெப்பத்தினாலேயே செயலிழக்கும் மின் பாகங்கள். ஆக, காற்று மிகுந்த கலவை, பெட்ரோல் மிகுந்த கலவை, தீப்பொறி இன்மை என்ற மூன்றில் எது என்பதுதான் முதல் கேள்வி.

தொடங்கும் முன்

இன்ஜினைத் திறந்த வெளியில் மட்டுமே ஓடவிட வேண்டும். மூடிய கொட்டகையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரைப் பறிக்கும். கை பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். தொங்கும் துணி, கழுத்துச் சங்கிலி, கட்டாத கூந்தல் எதுவும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகே போகக் கூடாது. மின் விசிறி உள்ள வண்டியில், இன்ஜின் நின்ற பிறகும் அது திடீரெனச் சுழலத் தொடங்கலாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கருவிகளாக ஒரு மல்டிமீட்டர், ஒரு வேக்குவம் கேஜ், பிளக் ஸ்பேனர், டார்ச், தீப்பொறிச் சோதனைக் கருவி, முனை மழுங்கிய இடுக்கி, தண்ணீர் நிரப்பிய சிறிய ஸ்பிரே பாட்டில் ஆகியவை போதும். டைமிங் லைட் கிடைத்தால் நல்லது. வண்டியின் சர்வீஸ் கையேட்டைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் அளவுகள் பொதுவானவை, உங்கள் இன்ஜினுக்கு உரிய அளவு அந்தக் கையேட்டில்தான் இருக்கும்.

முதல் படி: நிற்கும் விதத்தைக் கவனியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல எல்லோருக்கும் ஆசை வரும். தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாதிக்கு மேற்பட்ட விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. வண்டியை நன்கு ஓட்டிச் சூடேற்றிய பின் நிறுத்தி, ஐட்லிங்கில் விட்டு, அது நிற்கும் வரை பொறுமையாகக் காத்திருங்கள்.

சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் ஒரே நொடியில் சத்தமில்லாமல் நின்றால், தீப்பொறி அறுந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஐட்லிங் தள்ளாடி, ஏறி இறங்கி, ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு எரிந்து, கடைசியில் நின்றால் காற்று-பெட்ரோல் கலவையில்தான் குறை. ஏறி இறங்கும் அந்த ஊசலாட்டம் பெரும்பாலும் காற்று மிகுந்த கலவையின் அடையாளம். சைலன்சரிலிருந்து கரும்புகையும் கண்ணைக் கரிக்கும் பெட்ரோல் வாடையும் வந்து, இன்ஜின் கனத்து அமுங்குவதுபோல் நின்றால் பெட்ரோல் மிகுந்த கலவை என்று கொள்ளலாம்.

அடுத்து, அணையப்போகும் நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிக இலேசாக மிதித்துப் பாருங்கள். உடனே உயிர் பிடித்துச் சீராக ஓடினால், காயிலையும் பம்பையும் சந்தேகிக்க வேண்டிய தேவை பெருமளவு குறைகிறது. ஐட்லிங்குக்கு உரிய காற்றுப் பாதை, ஐட்லிங் ஜெட், காற்றுக் கசிவு ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். மிதித்தும் பயனில்லாமல் நின்றால் தீப்பொறியும் பெட்ரோல் வரத்தும் முன்னுக்கு வருகின்றன.

நின்ற பிறகு மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போது நடப்பதும் முக்கியம். உடனே ஸ்டார்ட் ஆகிறதா, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால்தான் ஆகிறதா, அல்லது அரை மணி நேரம் ஆறவிட்டால்தான் ஆகிறதா? முழுவதும் மிதித்தால் ஆகிறது என்றால், உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியேற்றக் காற்று தேவைப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆறினால்தான் ஆகிறது என்றால், வெப்பத்தில் அறுந்து குளிரில் இணையும் மின் பாகமோ, கொதித்து ஆவியான பெட்ரோலோ காரணமாக இருக்கும். விளக்கு, ஏசி, ஸ்டீயரிங் திருப்பம், கியர் இவற்றில் எந்தச் சுமை சேரும்போது நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு சோதனையையும் இந்தக் குறிப்புடன் ஒப்பிட வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: காற்றுக் கசிவு

ஐட்லிங்கில் த்ராட்டில் (காற்று நுழைவதைக் கட்டுப்படுத்தும் தகடு) ஏறக்குறைய மூடியிருப்பதால் இன்ஜின் இழுக்கும் காற்று மிகக் குறைவு. மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாயில்) உருவாகும் வேக்குவமோ, அதாவது உறிஞ்சும் வெற்றிடமோ, மிக அதிகம். ஆகவே ஊசித் துளை அளவுள்ள ஓட்டையும் ஐட்லிங்கில் பெரிய குறையாகிவிடுகிறது. ஓட்டத்தில் நிறையக் காற்று போகும்போது அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. ஓட்டத்தில் குறையில்லாத வண்டி நிறுத்தினால் மட்டும் அணைகிறது என்றால், நான் முதலில் தேடுவது இதைத்தான்.

மேனிஃபோல்டிலிருந்து போகும் ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் கையால் தடவிக்கொண்டே போங்கள். மேற்புறம் நன்றாகத் தெரியும் ஹோஸ், குழல் முனையில் செருகியிருக்கும் இடத்தில் அடிப்புறமாக வெடித்திருக்கும். முனையைச் சற்று வளைத்தால்தான் அந்த வெடிப்பு வாய் திறந்து காட்டும். பழைய ரப்பர் சூட்டில் இளகித் தளர்வதால், குளிரில் இறுக்கமாகப் பிடித்திருந்த முனையும் சூடேறியதும் காற்றை விடலாம்.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு ஹோஸையும் மழுங்கிய இடுக்கியால் மெதுவாக அழுத்தி மூடிப் பாருங்கள். எந்த ஹோஸை மூடும்போது இன்ஜினின் தள்ளாட்டம் தணிந்து சத்தம் சீராகிறதோ, அந்த ஹோஸின் மறுமுனையில் உள்ள பாகம்தான் காற்றை விடுகிறது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை இப்படிக் கட்டாயம் சோதிக்க வேண்டும். பிரேக் மிதியை அழுத்திப் பிடிக்கும்போது மட்டும் ஐட்லிங் விழுந்தால் பூஸ்டரின் உள் ரப்பர் கிழிந்திருக்கக்கூடும். அது பிரேக்கோடு தொடர்புடையது என்பதால், சரிசெய்யும் வரை அந்த வண்டியைச் சாலையில் ஓட்ட வேண்டாம்.

பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் வால்வை) கழற்றி ஆட்டினால் கடகடவென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் கசடில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், பெட்ரோல் ஆவியைச் சேர்த்து வைக்கும் கரிக் குடுவையிலிருந்து வரும் ஹோஸையும் அழுத்திப் பாருங்கள். ஐட்லிங்கில் மூடியிருக்க வேண்டிய அதன் வால்வு திறந்தே நின்றுவிடுவது உண்டு.

கேஸ்கெட் வழியாக வரும் கசிவைக் கண்டுபிடிக்கப் பலர் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சுகிறார்கள். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும் என்பதால் நான் அதைப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. ஸ்பிரே பாட்டிலில் உள்ள தண்ணீரைக் கார்புரேட்டர் அடிப்பகுதியிலும், மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு இணையும் வரம்பிலும் இலேசாகத் தெளியுங்கள். கசியும் இடத்தில் தண்ணீர் கண நேரம் ஓட்டையை அடைப்பதால் இன்ஜின் சத்தம் மாறும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் மின் பாகங்களிலும் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேக்குவம் கேஜ் இருந்தால், கடல் மட்டத்தை ஒட்டிய இடங்களில் நல்ல இன்ஜின் சூடான ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை அசையாமல் காட்டும். உயரமான இடங்களில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். முள் தாழ்வாக, ஆனால் அசையாமல் நின்றால் காற்றுக் கசிவோ, பிந்திய இக்னிஷன் டைமிங்கோ (தீப்பொறி விழும் நேரமோ) காரணமாகலாம். ஒரே தாளத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை.

ஈஜிஆர் வால்வு உள்ள வண்டிகளில் அதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். எரிந்த புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பும் இந்த வால்வு ஐட்லிங்கில் மூடியிருக்க வேண்டும். பல வண்டிகளில் இன்ஜின் சூடேறிய பிறகே அது வேலை செய்யத் தொடங்கும் என்பதால், சூட்டில் மட்டும் வரும் கோளாறுக்கு அது நேரடிக் காரணமாகலாம். அதன் வேக்குவம் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்ததும் ஐட்லிங் சீரானால், வால்வைத் திறக்கும் சிக்னல் தவறான நேரத்தில் வருகிறது. மாற்றமே இல்லையென்றாலும் வால்வைக் குற்றமற்றது என்று முடிவுகட்ட வேண்டாம். இன்ஜின் ஆறிய பின் அதைக் கழற்றி, வால்வு இருக்கையில் (வால்வு பொருந்தி மூடும் விளிம்பில்) கரித்துணுக்கு சிக்கி மூடவிடாமல் தடுக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி, கார்புரேட்டர் வண்டிகளுக்கு

ஏர் ஃபில்டரைக் கழற்றி, சூடான நிலையில் சோக் தகட்டைப் பாருங்கள். அது செங்குத்தாக முழுவதும் திறந்திருக்க வேண்டும். கை சோக் என்றால் கேபிள் சிக்கியிருக்கலாம். தானியங்கிச் சோக் என்றால், அதைச் சூடாக்கும் மின் இணைப்போ, சுடுநீர்ப் பாதையோ வேலை செய்யாதிருக்கலாம். சுடுநீரால் இயங்கும் சோக்கில் கூலன்ட் குறைந்திருந்தாலும் சோக் திறக்காது.

இன்ஜின் அணைந்த உடனே, டார்ச் வெளிச்சத்தில் கார்புரேட்டரின் தொண்டைக்குள் எட்டிப் பாருங்கள். நடுக் குழல் வழியாகப் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வடிந்து த்ராட்டில் தகட்டின் மேல் நனைந்திருந்தால், ஃப்ளோட் (கிண்ணத்துப் பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவை) மட்டம் உயர்ந்திருக்கிறது, அல்லது நீடில் வால்வு (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசி வால்வு) மூடவில்லை, அல்லது கிண்ணத்திலுள்ள பெட்ரோல் சூட்டில் கொதித்து வழிகிறது. மூன்றையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: ஓடும்போதே வடிந்தால் ஃப்ளோட் அல்லது நீடில், அணைத்து வைத்த சில நிமிடங்களுக்குப் பிறகு மட்டும் வடிந்தால் கொதிப்பு. கொதிப்பு என்றால், கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் வெப்பத்தைத் தடுக்கும் தடித்த இடைத்துண்டு இருக்கிறதா, பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள்.

வடிதல் இல்லையென்றால் ஐட்லிங் பாதைக்கு வாருங்கள். பல கார்புரேட்டர்களில் சாவியை அணைத்ததும் ஐட்லிங் பெட்ரோலை நிறுத்தும் ஒரு சிறிய சோலினாய்டு இருக்கும். சாவியைத் திருப்பியதும் அது ‘டிக்’ என்று ஒலிக்க வேண்டும். சூடான நிலையிலும் ஒலிக்கிறதா என்று பாருங்கள்; அதன் சுருள் வெப்பத்தில் அறுந்தால் ஐட்லிங்குக்கான பெட்ரோல் முழுவதும் நின்றுவிடும், ஆனால் மிதித்தால் வண்டி ஓடும்.

அடுத்தது, ஐட்லிங்கின் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூ. முதலில், அது உட்காரும் வரை மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றுகள் என்று எண்ணி எழுதிக்கொண்டு, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். அழுத்தித் திருகினால் அதன் கூர்முனை கெட்டுவிடும். பிறகு சூடான ஐட்லிங்கில் அதைச் சிறிது உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பாருங்கள். இன்ஜின் வேகத்தில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது த்ராட்டில் தேவைக்கு மேல் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது நிலை, யாரோ முன்பு இதே கோளாறை மறைக்க ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றி வைத்ததால் வந்திருக்கும். அப்படி ஏற்றி வைப்பது சில நாள் உதவும். ஆனால் மூலக் கோளாறு வளர்ந்து, மீண்டும் நிற்கத் தொடங்கும்போது கண்டறிவது இருமடங்கு கடினமாகிவிடும். ஜெட்டைக் கழற்றினால் கிளீனரும் அழுத்தக் காற்றும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி அளவு மாறிவிடும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டை முதலில் படியுங்கள். விளக்கு எரியாததனால் மட்டும் சென்சார்கள் நன்றாக இருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது. பழைய கணினிகள், முழுவதும் அறுந்த இணைப்பைக் கண்டுகொள்ளும், தவறான ஆனால் நம்பத்தகுந்த அளவைக் கண்டுகொள்ளாது.

த்ராட்டில் பாடியைத் திறந்து பாருங்கள். தகட்டின் விளிம்பைச் சுற்றி மோதிரம்போல் படிந்திருக்கும் கரி, ஐட்லிங் காற்று நுழையும் மெல்லிய இடைவெளியையே அடைத்துவிடும். தகட்டைத் தவிர்த்துக் காற்றை விடும் ஐட்லிங் காற்று வால்வும் அதே கரியால் ஒட்டிக்கொள்ளும். த்ராட்டில் பாடிக்கென்று உள்ள கிளீனரால் இரண்டையும் சுத்தம் செய்வதே பல வண்டிகளில் முழுத் தீர்வாக அமைந்துவிடுகிறது.

பிறகு கூலன்ட் வெப்பநிலை சென்சார். இது சூடேறச் சூடேற மின்தடை குறையும் வகை. பெரும்பாலான சென்சார்கள் 20 டிகிரி செல்சியஸில் 2000 முதல் 3000 ஓம் வரையும், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம் வரையும் காட்டும். சூடான இன்ஜினிலும் ஆயிரக்கணக்கில் ஓம் காட்டினால், குளிர் இன்ஜின் என்று எண்ணிக் கணினி பெட்ரோலை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சென்சாருக்குப் போகும் கனெக்டரில் பச்சை பிடித்திருந்தாலும் இதே விளைவுதான். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, இன்ஜின்தான் சூடேறவில்லை.

காற்று அளவி உள்ள வண்டியில், அளவிக்கும் த்ராட்டிலுக்கும் இடைப்பட்ட பெரிய ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். அங்குள்ள வெடிப்பு வழியாகப் புகும் காற்று அளவியின் கணக்கில் சேராது. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் வண்டியிலோ காற்றுக் கசிவு ஐட்லிங்கை உயர்த்துவதே வழக்கம், ஆகவே அங்கே கசிவைத் தேடி நெடுநேரம் செலவிட வேண்டாம்.

தீப்பொறி

ஒரே நொடியில் நின்று, ஆறினால் மட்டும் ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு, அது நின்ற அந்த நிமிடத்திலேயே தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். தீப்பொறிச் சோதனைக் கருவியைப் பிளக் ஒயரில் பொருத்தி, அதை இன்ஜினின் உலோகத்தோடு இணைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். ஒயரைக் கையால் பிடிக்க வேண்டாம். நீலமாக, பளிச்சென்று பொறி வந்தால் மின் பக்கம் சரி. வரவில்லையென்றால், ஸ்டார்ட்டர் சுழலும்போது சுற்று காட்டும் மீட்டரின் முள் சிறிதேனும் அசைகிறதா என்று பாருங்கள். அசையவே இல்லையென்றால், காயிலுக்குச் சிக்னல் கிடைக்கச் செய்யும் டிஸ்ட்ரிபியூட்டர் பிக்கப், இக்னிஷன் மாட்யூல் அல்லது கிராங்க் சென்சார் மீது சந்தேகம் வலுக்கிறது. அசைந்தும் பொறி இல்லையென்றால் காயிலைப் பாருங்கள்.

காயிலை மல்டிமீட்டரால் அளக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: செம்புக் கம்பியின் மின்தடை 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய கால் பங்கு இயல்பாகவே உயரும். அந்த உயர்வைக் கோளாறு என்று எண்ணி நல்ல காயிலைத் தூக்கி எறிய வேண்டாம். அளவு ஒரேயடியாக எல்லையற்றதாகப் போனால்தான் உள்ளே அறுந்திருக்கிறது. சந்தேகமுள்ள பாகத்தின் மேல், சாவியை அணைத்த நிலையில், ஈரத் துணியைச் சில நிமிடம் வைத்துக் குளிர்வித்து, துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். வேறு எதையும் ஆறவிடாமல் அதை மட்டும் குளிர்வித்ததும் பொறி திரும்பினால், குற்றவாளி அதுவே.

பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) உள்ள பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி பெரும்பாலும் 0.4 மி.மீ. அளவில் இருக்கும். முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மீதமுள்ளவை

பெட்ரோல் வரத்துக் குறை ஐட்லிங்கைவிட வேகத்தில்தான் முதலில் தெரியும். ஆகவே வண்டி நன்றாக இழுக்கிறது என்றால் இதைக் கடைசியில் பார்க்கலாம். ஒரு சிறு சோதனை மட்டும் உடனே செய்துவிடலாம்: வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன் பின் வண்டி நன்றாக ஓடினால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் சூட்டில் நிற்கும் இன்ஜினில் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் இடைப்பட்ட இடைவெளியை) சோதியுங்கள். இடைவெளி மிகக் குறைந்திருந்தால், வால்வு சூட்டில் நீண்டு முழுவதும் மூடாமல் போய், ஐட்லிங்கில் அழுத்தம் கசிந்துவிடும். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட பழைய இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை தேய்ந்து இந்த இடைவெளி குறைந்துகொண்டே வருவது உண்டு. சூடான இன்ஜினில் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) சோதனை செய்தால் இது உறுதியாகும். எந்தச் சிலிண்டராவது மற்றவற்றைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் தாழ்ந்திருந்தால், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளவிடுங்கள். அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங், உயராவிட்டால் பெரும்பாலும் வால்வு.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி கியரில் நிறுத்தும்போது மட்டும் அணைந்து, நியூட்ரலில் நன்றாக நின்று ஓடினால், டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் கிளட்ச் (இன்ஜினைக் கியர்பாக்ஸோடு நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) விடுபடாமல் இருக்கலாம். அதை இன்ஜின் பக்கம் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

சரிசெய்த பின் சோதனை

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்கும் பின் வண்டியை மீண்டும் முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மின் விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐட்லிங்கில் விட்டு, பிறகு முகப்பு விளக்கு, ஏசி, முழு ஸ்டீயரிங் திருப்பம் ஆகிய சுமைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். அதையும் தாங்கினால் இன்ஜினை அணைத்து, பானெட்டை மூடி, 15 நிமிடம் அப்படியே விடுங்கள். காற்றோட்டம் இல்லாததால் கார்புரேட்டரும் மின் பாகங்களும் ஓட்டத்தைவிட இந்த நேரத்தில்தான் அதிகம் சூடேறுகின்றன. மீண்டும் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் நின்று ஓடுகிறதா என்று பார்த்த பிறகே, முன்பு யாரேனும் ஏற்றி வைத்திருந்த ஐட்லிங் ஸ்க்ரூவை இறக்கி, பானெட்டின் அடியிலோ கையேட்டிலோ குறிப்பிட்டுள்ள வேகத்துக்குக் கொண்டுவாருங்கள்.